ஏழாங்கட்டை, இருநூறு மீட்டர்

தகவல் வந்தது நேற்றிரவு பதினொன்றரைக்கு:
ஆண், ஒன்பது வயது, ஏழாங்கட்டை,
கதவு எண் பதினாறு.
வரைபடத்தில் அவன் வீட்டின்மேல்
கவராயத்தின் முள்ளை ஊன்றி
ஒரு வட்டம் போட்டேன்.
உள்ளே விழுந்தவை
நாற்பத்து மூன்று வீடு, ஒரு மளிகைக் கடை,
பூட்டிக் கிடக்கும் தோட்டத்து மண்டபம்,
முனீஸ்வரர், பாதித் திடல்.
மறுபாதித் திடலில் கடிக்கும் கொசு
வேறு கோப்பு.

காலை எட்டுக்கு லோரியிலிருந்து இறங்கினோம்
நானும் அஸ்லானும்.
டார்ச், பிப்பெட், வெள்ளை அகப்பை,
விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள்,
மணல்போல மருந்து, பத்து லிட்டருக்கு ஒரு கிராம்.
எழுதப் பென்சில்தான்.
பேனா மை ஈரத்தில் எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நாய்களுக்கு இந்தச் சீருடை தெரியும்.
பதினொன்றாம் வீட்டுக்காரர்
"நம்ம வீட்டுல கொசுவே இல்லம்மா" என்றார்,
ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக்கொண்டே.

பவளக்கொடி அக்கா ஒளிக்கவில்லை.
நீல டிரம்மை அவரே காட்டினார்.
"வெள்ளிக்கிழம வந்த தண்ணி, அடுத்து செவ்வாதான்.
புடிச்சு வைக்காம, கொசுவயா குடிக்கிறது?"
டார்ச்சைச் சாய்த்தேன்.
வெளிச்சம் பட்டதும் நெளிந்து இறங்கின,
வாக்கியம் கிடைக்காத காற்புள்ளிகள்.
மூன்றைக் குப்பியில் ஏற்றினேன்.
மருந்தைத் துணியில் முடிந்து உள்ளே விட்டேன்.
அபராதச் சீட்டில் தொகைக்கு ஒரு கட்டம் உண்டு,
குழாய் வராத நாளுக்கு இல்லை.
"மூடி இல்லை, எச்சரிக்கை" என்று மட்டும் எழுதினேன்.
கையெழுத்துப் போட்டுவிட்டு மைலோ கலக்கப் போனார்.
எந்தத் தண்ணீர் என்று கேட்கவில்லை.
குடித்தேன்.

பதினாறாம் வீட்டில் எல்லாம் கவிழ்ந்திருந்தன.
வாளி, பூச்சாடி, நாயின் தட்டு,
யுகேந்திரனின் பள்ளிச் சப்பாத்துகூட.
குளிர்ப்பெட்டியின் பின்தட்டு எலும்பாகக் காய்ந்திருந்தது.
பிளேட்லெட் இருபத்தெட்டாயிரம் என்று சொன்னார் அவன் அப்பா,
ரிங்கிட் கணக்குச் சொல்வதுபோல.
"எங்கதாம்மா இருந்துச்சு?"

பழைய ஸ்டோருக்குப் பின்னால்
முந்நூறு சொச்சம் பால் மங்குகள்.
ஒவ்வொன்றாகக் கவிழ்த்தோம்.
செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்த ஷாஹீன்
கேட்காமலே வந்து உட்கார்ந்தான்.
சருகு, தேரை, குளவிக் கூடு.
ஒரு புழுகூட இல்லை.
முதுகுதான் மிச்சம்.

கிளம்பும்போது அஸ்லான் பார்த்தான்,
மண்டப வேலியில் போன தேர்தல் பேனர்.
ஒரு பக்கக் கயிறு அறுந்து
வேட்பாளர் இடுப்பில் மடிந்திருந்தார்.
மடிப்பில் அரை வாளி மழை.
"உங்கள் நலனே என் மூச்சு."
அவையும் மூச்சுக்குத்தான் மேலே வந்துகொண்டிருந்தன,
நூறு, இருநூறு,
எண்ண விடாமல்.
பதினாறாம் வீட்டிலிருந்து இருபத்திரண்டு எட்டு.
பள்ளி வேனுக்குப் பிள்ளைகள் காத்து நிற்கும் இடம்.

உரிமையாளர் பெயர்?
வென்றவரா தோற்றவரா,
வெயிலில் முகம் வெளுத்துச்
சிரிப்பு மட்டும் பாக்கி.
கொள்கலன் வகை?
டயர், டிரம், சாடி, கூரைத் தகரம்,
கடைசியில் "மற்றவை".
அதில் குறியிட்டேன்.

ஆறரைக்குப் புகை.
மூன்று மொழியில் ஒலிபெருக்கி கெஞ்சியது,
கதவைத் திற, ஜன்னலைத் திற,
சோற்றுப் பானையை மூடு.
மூன்று மொழியிலும் கேட்டுவிட்டு
அறைந்து சாத்தினார்கள்.
புகை பறப்பதைத்தான் கொல்லும்.
டிரம்மின் விளிம்பில் ஒட்டிய முட்டை
மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து
அடுத்த செவ்வாயைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.
இதை யாரிடமும் சத்தமாகச் சொல்வதில்லை.

பதினாறு மட்டும் திறந்திருந்தது,
முன்கதவு, பின்கதவு, அலமாரிகூட.
சாவியை என் கையில் கொடுத்துவிட்டு
ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.
அஸ்லான் தோளில் இயந்திரம் உறும
புகை வாசலில் நுழைந்தது,
அறை அறையாகப் பார்த்தது,
சமையற்கட்டு வழியே மெல்ல வெளியேறியது.
இருமுவதற்கு உள்ளே யாருமில்லை.