அணைந்திருக்கிறதா

பாடுகிறவர்களின் முதுகில்
மைக் பெட்டியை ஒட்டுவது என் வேலை.
கேஸோன் சிட்டியில், ஏழாம் எண் அரங்கில்,
பதினோரு வருடமாக.
எனக்கு முதுகுகளைத்தான் தெரியும்.
முகங்களை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள்.

ஜோராலினின் முதுகில்
வெயில் ஒரு சட்டைக்கு அளவெடுத்து வைத்திருந்தது.
சமார் தீவு. கருவாடு காயவைக்கிற வீடு.
பத்தொன்பது வயது.
பேட்டரி மாற்றும்போதெல்லாம் கூசுகிறதென்று நெளிவாள்.
புதுச் செருப்பின் விலைச்சீட்டைக் கிழிக்காமல்
உள்ளங்காலுக்கடியில் வைத்திருந்தாள்,
திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால்?

விளம்பர இடைவேளையில்
நாடு எழுந்துபோய்ச் சோறு போட்டுக்கொள்ளும்.
என் காதுக்குள் மட்டும் அவர்கள் தொடர்வார்கள்:
ஏப்பம், ஜெபம், வயிற்றின் இரைச்சல்.
ஒருத்தன் தன் பெயரையே
திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பான்.
அந்த நேரம் நான் ஒலியை மூடிவிட வேண்டும்.
விதி அப்படி. மூடியதும் உண்டு.

அரையிறுதி இரவு.
தொண்ணூறு நொடி இடைவேளை.
யாரிடமோ இரவல் வாங்கிய போனில்
வாராய் மொழியில் பேசினாள்.
என் அம்மா லெய்ட்டேக்காரி; எனக்குப் புரியும்.

எஞ்சினையா விற்றாய், ரெனான்டே?
படகு எஞ்சினையா?
அத்தனையும் எனக்கு ஓட்டாகவா அனுப்பினாய்?
அந்த அலையில் துடுப்பு போட்டா போகப்போகிறாய்?
அப்பாவுக்குத் தெரியுமா?
சரி, கேள். அழாதே. கேள்.
வேறெதையும் விற்காதே.
இன்றைக்கே நான் தோற்றுவிடுகிறேன்.

நாற்பது நொடி. முப்பது.
என் கட்டைவிரல் விசையின் மேலேயே இருந்தது.

பாட்டு நன்றாகத்தான் ஏறியது.
உச்சிக்கு ஒரு படி முன்னால்,
மூங்கிலில் கத்தி வைத்துத் தட்டுவதுபோல்,
குரலைப் பிளந்தாள்.
தானாக உடைகிற குரலுக்கு முன்னே
மூச்சு தடுமாறும்; கேட்டுக் கேட்டுப் பழகியவன் நான்.
அவள் மூச்சு தடுமாறவில்லை.
நிதானமாக இழுத்து, இடம் பார்த்து,
போட்டு உடைத்தாள்.

நடுவர்கள் மூவரும் எழுந்து நின்றார்கள்.
நடுவிலிருந்த அம்மாளின் ஒட்டு இமை
கண்ணீரோடு கன்னத்துக்கு இறங்கியது.
"இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது" என்றார் ஒருவர்.
ஹாங்காங்கில் அடுத்தவர் குழந்தைக்குத் தலைவாருகிறவர்கள்,
ஜெட்டாவின் இரவுப்பணி நர்சுகள்,
கப்பல் அடித்தட்டில் எண்ணெய் துடைக்கிறவர்கள்
எல்லோரும் அனுப்பினார்கள்.
ஓட்டு எண்ணும் கணினி இரண்டு முறை படுத்துவிட்டது.

இறுதிச் சுற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
வண்ணக் காகிதம் கொட்டியது. வென்றாள்.
பிறகு ஷாம்பு. பிறகு நூடுல்ஸ்.
பேருந்துகளின் முதுகில் அவள் முகம்.
ரெனான்டேவுக்கு இரண்டு எஞ்சின் வாங்கிக் கொடுத்தாளாம்.
படகு ஒன்றுதானே என்றானாம்.

போன மாதம் ஒரு மால் திறப்பு விழா.
மறுபடி என் முறை.
அதே பாட்டு, அதே படி.
அதே எழுத்தில் அதே பிளவு.
என் கருவியின் முள்
பழைய கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.
கூட்டம் அந்த இடத்துக்காகவே
போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தது.
முன்வரிசையில் ஒரு சிறுமி, ஆறு வயதிருக்கும்,
கண்ணை மூடிக்கொண்டு
கூடவே உடைத்தாள், சரியாக.

திரைக்குப் பின்னால் வந்து
எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.
வெயில் எடுத்த அளவு அழிந்திருந்தது.
பவுடர் என் விரலில் ஒட்டியது.
"அணைந்திருக்கிறதா, அண்ணா?"
அணைத்துவிட்டேன் என்றேன்.

காத்திருந்தாள்.
அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு,
பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும் எட்டுகிற குரலில்,
அந்தப் படியில் ஏறினாள்.
உடைக்கவில்லை.
மேலே போய்
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள்.

யாரோ கதவைத் திறந்து
கார் வந்துவிட்டதென்றார்கள்.