உரிம எண்

புல் வெட்ட யாரும் உரிமம் கேட்பதில்லை டூங்காபியில்.
கல்லை அடுக்கி, கணக்கு
ஐயாயிரம் டாலரைத் தாண்டினால் கேட்பார்கள்.

படிவத்தின் ஏழாம் பக்கம்:
உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் யார்?

க்ளென் பார்த்தான், நான்கு கோடை.
கைக்காசு தந்தவன்
கையெழுத்துத் தரமாட்டானாம்.

வேலியிலிருந்த மேக்பையும் பார்த்தது,
இரண்டு முறை என் தலையைக் கொத்தியும் இருக்கிறது.
அதற்கு ஏபிஎன் கிடையாது.

நேற்றிரவு பேய்மழை.
விடியுமுன் வேனை எடுத்துப் போய்ப் பார்த்தேன்.
நான் கட்டிய தடுப்புச் சுவர்
ஒரு விரற்கடைகூட நகரவில்லை.
அதன்மேல் அறைந்த பலகையில்
க்ளென்னின் பெயர், க்ளென்னின் எண்,
மழை கழுவிப் பளிச்சென்று.

ஈரக் கல்லில் கொஞ்சநேரம் கை வைத்திருந்தேன்.

ஏழாம் பக்கம் மேசையில் கிடக்கிறது.
சகலன் அதன்மேல்
தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டான்.