பதினொரு பேர்

பின்னேரம் ஆறரைக்கு லைவ் போடுவன்.
ஆட்டோவை மாமரத்துக்குக் கீழ விட்டுட்டு
போனைத் தண்ணிப் போத்தலில சாய்ச்சு வைச்சிட்டு
சும்மா கதைப்பன்.
தம்பிலுவில் சந்தையில கத்தரிக்காய் என்ன விலை,
அக்கரைப்பற்றுக்கு இண்டைக்கு எத்தினை ஓட்டம்,
கடல் ஏன் இப்பிடி இரையிது.
பாக்கிற ஆக்கள் பதினொண்டு, கூடினாப் பதினாலு.
கட்டாரில இருந்து கபிலேஷ்
"மச்சான் அங்க மழையா?" எண்டு கேப்பான்,
மழை பெய்யிறதைப் பாத்துக்கொண்டே.

அதில ஒண்டு முகம் இல்லாத ஆள்.
பேர் நீலக்கிளி.
படத்துக்குப் பதிலா ஒரு வாழைப்பூ.
முதல் ஆளா வரும், கடைசி ஆளாப் போகும்,
ஒரு எழுத்துப் போடாது.

ஒருநாள் அம்மா எனக்குப் பின்னால
சட்டி கழுவின தண்ணியை வாழையடியில ஊத்தினா.
முதுகு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்.
திரையில ஒரு இதயம் மேல போச்சு.
அடுத்தநாள் போனை முருங்கைப் பக்கம் திருப்பினன்,
ஒண்டுமில்ல.
கிணத்தடி, ஒண்டுமில்ல.
அம்மா தேங்காய் துருவிற குசினி வாசல்:
இதயம், இதயம், இதயம்,
சோடாப் போத்தல் துறந்த மாதிரி.

படலையடியில கழட்டி விட்ட அப்பாட செருப்பைக் காட்டினன்.
கனநேரம் யோசிச்சிட்டு
ஒண்டு வந்தது.

அண்டைக்குக் கெதியா முடிச்சிட்டன்.
தொண்டை சரியில்ல எண்டு சொன்னன்.

இந்த வீடு அவளுக்கெண்டு கட்டினது.
எங்கட பக்கத்து வழக்கம் தெரியும்தானே,
பொம்பிளைப் பிள்ளை பிறந்தா
அத்திவாரத்துக்குக் கல்லுப் பறிக்கத் தொடங்கிருவாங்க.
அவள் பதிவுக் கந்தோரில கையெழுத்து வைச்சிட்டு
வாழைச்சேனைக்குப் பஸ் ஏறின கிழமை
அப்பா மேசனை நிப்பாட்டினார்.
முன் அறை மட்டும் பூசினபடி,
மற்றதெல்லாம் கல்லுக் கல்லாத் தெரிய
ரெண்டு வருஷம்.
மூண்டு மணித்தியால ஓட்டம்தான்.
வீட்டில பேர் சொல்லக் கூடாது.
நானும் சொல்லல்ல,
இஞ்சயும் சொல்லல்ல.

அம்மாட்ட நான் ஒண்டும் கதைக்கல்ல.
ஆனா அவ ஆறேகாலுக்கு முகம் கழுவத் தொடங்கினா.
சட்டியோட எனக்குப் பின்னால வந்து நிண்டு
வாழைமரத்துக்குச் சொல்லுவா:
"இண்டைக்குச் சூடைக் கறி. புளி கூடிப்போச்சு."
மறுகா,
"கால் நோவு பரவாயில்ல. எண்ணெய் பூசுறன்."
மறுகா,
"மாசமா இருக்கிற ஆக்கள் அன்னாசி தின்னக் கூடாதுகா."

நான் திரும்பிப் பாத்தன்.
இதை இவக்கு ஆர் சொன்னது?
வாழைமரம் சும்மா நிண்டது.

தை கழிஞ்சு மழை விட்ட ஒருநாள்
அப்பா கல்முனையால வந்தார், கையில பெயின்ற் கடை அட்டை.
நான் லைவில இருக்கிறது தெரியும்.
சட்டைப்பையில இருக்கிற கண்ணாடியை
வீடெல்லாம் தேடினார். மறுகா வந்து
"இந்த வெளிச்சத்திலதான் பாக்கவேணும்" எண்டு
அட்டையைப் போனுக்கு முன்னால பிடிச்சார்.
என்னைப் பாக்கல்ல, போனைப் பாக்கல்ல,
படலையைப் பாத்துக்கொண்டு நிண்டார்.
கபிலேஷ் "பச்சை போடுங்க மாமா" எண்டான்.
சுவிஸில இருந்து ஆரோ கட்டைவிரல் தூக்கினாங்க.
சிக்னல் இழுத்து எல்லாம் உறைஞ்சுது:
அப்பாட கை, அட்டை, பின்னால அம்மா, சட்டி.

திரும்பி வந்தபோது
நீலக்கிளி எழுதியிருந்தது, முதல் முறையா:
"மூண்டாவது. குசினிக்கு வேண்டாம், புகை பிடிக்கும்."

நான் சத்தமா வாசிச்சன்,
ஆரோ கத்தரிக்காய் விலை கேட்ட மாதிரி.

அப்பா அட்டையை மடிச்சார், மூண்டாவது நிறம் வெளியில தெரிய.
"மனே, மேசனுக்கு எடு."
"இப்பவா?"
"இப்பதான். இதை நிப்பாட்டிப்போட்டு எடு."

நான் நிப்பாட்டல்ல.
அம்மாட போனில எடுத்தன்.