லாம்

சமைக்க ஆகாத விதை இது.
ஜார்ஜியாவில் யாரோ பந்தடித்து நடக்க
ஓரிகன் மழையில் நாங்கள் விளைவிக்கும் புல்.

ஜூலையில் அறுத்தோம்.
தூற்றிச் சலித்து மூட்டை பிடித்து
ஆய்வகத்துக்கு ஒரு கைப்பிடி அனுப்பினோம்.
ஈரத்தாளில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று
பதினான்கே நாளில் முளைத்துவிட்டதாம்.

பணம் முளைக்கவில்லை.

நவம்பரில் கேட்டேன்.
"சந்தை மந்தம், வெர்லின்."
பிப்ரவரியில் கேட்டேன்.
"லாரி வரட்டுமே."
என் கொட்டகையில் அவர்கள் சரக்கு,
எலியிடமிருந்து காப்பது மட்டும் என் பாடு.
உரக்கடைக்காரன் தேதி தவறுவதில்லை.
வங்கியும்.

மசோதா விசாரணையில் மூன்று நிமிடம் தந்தார்கள்.
கோட்டுக்குள் வியர்த்தது.
எழுதிவந்த தாளை மடித்துவிட்டுச் சொன்னேன்:
ஒப்பந்தத்தில் "விற்றபின் செலுத்தலாம்" என்றிருக்கிறது,
தலைவர் அவர்களே.
அந்த "லாம்"மில்தான்
இரண்டு குளிர்காலமாகக் குடியிருக்கிறோம்.
கூரை ஒழுகுகிறது.

யாரோ சிரித்தார்கள்.
அடுத்துப் பேச வந்த விதைக் கம்பெனி வக்கீல்
மரியாதையானவர்,
தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.
குடித்தேன். தாகம்தானே.

மே மாதம் சட்டமாயிற்று.
செலுத்த வேண்டும்.
குறித்த நாளுக்குள். தவறினால் வட்டி.
அந்த ஒரு வினைமுற்றுக்கு
நாற்பது பேர் நான்கு முறை
டீசல் போட்டு வந்திருந்தோம்.

இந்த வருஷத்து ஒப்பந்தம் நேற்றுத் தபாலில் வந்தது.
தேதி இருக்கிறது, தடித்த எழுத்தில்.
விலையில் பவுண்டுக்கு இரண்டு சென்ட் குறைவு.

அவர்களே போனும் செய்தார்கள்.
"இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாமா?"

வெளியே ஹார்லன் கதிரடிக்கும் இயந்திரத்துக்குக்
கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான்.
பேனா கையில்தான் இருந்தது.

பார்க்கலாம், என்றேன்.