வீட்டு எண்

மனாமா ஏஜென்சியில் அந்த மார்ச் மாதம்
எல்லாமே மூன்று பிரதி.
ஒன்று லண்டனுக்கு, ஒன்று போலீசுக்கு,
மங்கலாய்ப் படியும் கடைசி ஒன்று அலமாரிக்கு.
எண்ணெய்க் கம்பெனி ஆட்களை நிறுத்தியிருந்தது.
முஹர்ரக்கில் டயர் எரிந்த புகை
பாலம் தாண்டி வந்து
என் கார்பன் தாளில் கறுப்போடு கறுப்பாக உட்கார்ந்தது.

கேப்டன் பென்சிலில் எழுதித் தருவார், தட்டுவேன்.
பதினேழாவது வரியில்
கல்ஃபான் பின் மர்ஸூக்.
ஐஸ் கொண்டுவருகிறவன்.
சாக்கில் சுற்றிய கட்டியை வாசலில் இறக்கிவிட்டு
"மதராஸி, வெள்ளைக்காரன் எப்போது கப்பலேறுவான்?" என்பான்.
எங்கள் ஊரில் ஏறிப் பதினெட்டு வருஷமாச்சு என்பேன்.
பிறகு நீ ஏன் இங்கே அவனுக்குத் தட்டுகிறாய்
என்று அவன் கேட்டதில்லை.
கேட்டிருக்கலாம்.

வீட்டு எண் நாற்பத்தொன்று.
ஒன்றுக்குத் தனி விசை இல்லாத பழைய ரெமிங்டன்,
சின்ன எல்லைத்தான் தட்டவேண்டும்.
விரல் அதை முதலில் தட்டியது,
நாலைப் பின்னால்.
ஓர் இரவு கிடைக்கும் அவனுக்கு.
அவ்வளவுதான் நினைத்தேன்.
பதினான்குக்குள்ளும் ஆள் படுத்திருப்பார்கள்
என்று நினைக்கவில்லை.

மறுநாள் சீட்டில் கூடுதலாக ஒரு வரி:
யூசுஃப் பின் தாலிப், வலை பின்னுபவர்,
கதவு திறக்கத் தாமதித்தார்.
அதையும் நானே தட்டினேன்.
ஒரு பிழை இல்லை.

அந்த வருஷமே ரூபாய் போய் தினார் வந்தது.
சம்பளக் கவர் இளைத்தது,
பெருக்கிப் பார்த்தால் அதே பணம்.
ஆறு வருஷம் கழித்து, ஆகஸ்ட் புழுக்கத்தில்
கொடி இறங்கியது. நான் பார்க்கப் போகவில்லை.
கேப்டன் நாயையும் மேசை விளக்கையும் கொண்டுபோனார்.
அலமாரி புதிய இலாகாவுக்குப் போனது,
கூடவே ரெமிங்டன், கூடவே நான்.
தாளின் தலைப்பு மாறிற்று.
நாடா வாங்குவது அதே கடையில்.

அக்டோபரில் கல்ஃபான் வந்தான்.
பஸ்ராவில் இருந்தானாம்.
இடக்கையில் இரண்டு விரல் மடங்கவில்லை,
எப்படி என்று சொல்லவில்லை.
விண்ணப்பம் ஒன்று எழுதவேண்டும் என்றான்.
எங்கள் சந்துக்காரர், இன்னும் தீவுச் சிறையில்,
ஏன் பிடித்தார்கள் என்று அவருக்கே தெரியாது,
இப்போதுதான் நம் ராஜ்யம் ஆயிற்றே,
விட்டுவிடுவார்கள், இல்லையா?

மூன்று தாள், நடுவில் இரண்டு கார்பன்.
சுருட்டி ஏற்றினேன்.
"வீட்டு எண்?" என்று கேட்டேன்,
தெரியாதவனைப் போல.