ஐந்து கட்டம்

தலைமையகத்திலிருந்து ஒரு படிவம்.
இரவில் நான் எடுக்கும் முடிவு ஒவ்வொன்றும்
ஐந்து கட்டங்களில் ஒன்றுக்குள் அடங்க வேண்டுமாம்.
உள்ளே எடுப்பதா, விடுவதா. எது முந்தி. யார் கையில்.
அங்கிருந்து எங்கே. எந்தப் பொறி எந்த நிலைக்கு மாறும்.
ஆறாவது கேள்வி கிடையாது என்கிறது அடிக்குறிப்பு.

சரி.

பிராம்ப்டன், பெப்ரவரி, பதினொன்று இருபது.
பதினேழாம் வாசலில் லெமிங்டன் தக்காளி;
முன்பதிவு இல்லை, ட்ரக்கின் ஹீட்டர் செத்துவிட்டது,
வெளியே மைனஸ் இருபத்துமூன்று.
உள்ளே விட்டேன்.
வரிசையில் நின்ற மருந்துப் பெட்டிகளுக்கும் முன்னால் விட்டேன்.
மருந்துக்குப் போர்வை உண்டு, தக்காளிக்குத் தோல் மட்டும்.
ஒன்றாம் கட்டம், இரண்டாம் கட்டம்.
காரணம் எழுத இடம் வைக்கவில்லை.

ரோவேனாவுக்கு இடுப்பு பிடித்திருந்தது.
அவள் சொல்லவில்லை,
ஃபோர்க்லிஃப்டில் ஏறிய விதம் சொல்லிற்று.
அவளுடைய பாரத்தைப் பெலிக்ஸுக்கு மாற்றினேன்.
ஏன் நான், என்றான்.
திரையைக் காட்டினேன்.
திரையில் ஒன்றுமில்லை.

இரண்டாம் பட்டையில் பல்சக்கரம் தேய்ந்திருந்தது; நிறுத்தச் சொன்னேன்.
பதினெட்டு நிமிடம்
கூடம் முழுக்க மனிதக் குரல்கள்.
யாரோ தும்மினார்கள், யாரோ வாழ்த்தினார்கள்.
இத்தனை பேரா இங்கே வேலை செய்கிறோம்?

ஒரு மணிக்கு ஹர்ஜோத்தின் அழைப்பு:
மில்டனில் நானூற்றொன்றை மூடிவிட்டார்கள்.
நானூற்றேழால் வா என்றேன்.
சுங்கம் யார் தலையில், என்றான்.
நான்காம் கட்டத்தின் தலையில்.

மூன்று நாற்பதுக்கு வந்து சேர்ந்தான்.
அடுத்த சுமை ஏற்றி முடிந்து ஏழாம் வாசலில் நிற்கிறது.
எஞ்சினை ஓடவிட்டபடி
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துத் தூங்குகிறான்.
எழுப்பு, எழுப்பு என்று சிவப்பில் துடிக்கிறது திரை.

நான் எழுப்பவில்லை.

இதை எந்தக் கட்டத்தில் போட?
யாரையும் ஏற்கவில்லை, மறுக்கவில்லை.
ஒரு சக்கரம் அசையவில்லை.
நாற்பது விநாடி நான் ஒரு பொத்தானை அழுத்தாமல் இருந்தேன்,
அவ்வளவுதான்.

கடைசியில் ஐந்தாம் கட்டத்தைத் திறந்தேன்.
வளம்: ஹர்ஜோத்.
முந்தைய நிலை: இயக்கத்தில்.
புதிய நிலை என்று மூன்று சொற்கள் தருகிறது பட்டியல்:
வெறுமை, பழுது, பராமரிப்பு.
மூன்றாவதைத் தொட்டேன்.
பச்சையில் ஒரு சரி விழுந்தது, கேள்வியே இல்லாமல்.

எவ்வளவு நேரம்? தொண்ணூறு நிமிடம்.
மாற்றிய உதிரிப்பாகம்?
அதை வெறுமையாக விட்டுவிட்டு
முற்றத்துக் கமராவைப் பெரிதாக்கினேன்.
அவன் பக்கத்துக் கண்ணாடியில்
மூச்சு படிகிறது,
விலகுகிறது,
படிகிறது.