பத்துக்கும் நான்குக்கும் நடுவே

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச்
சாவிகள் என் கைக்கு வரும்.
மாலை நான்குக்கு வேறு கைகளுக்குப் போகும்.
நடுவிலுள்ள ஆறு மணி நேரமும்
ஆறு மரவீடுகளும் நமக்குத்தான் என்பேன்.
வங்கிக்கு என்பான் என் தம்பி ஹெவின்,
கிளம்ப மறுக்கும் புல்வெட்டியை
ஓர் உதை உதைத்து.

பால் விலை படுத்த வருடம்
மாடுகளை விற்றோம்.
கடைசியாக லாரி ஏறிய ஆறின் பெயர்களை
வீடுகளுக்கு வைத்தவன் அவன்.
விருந்தினர் ஏட்டில் எழுதிப் போகிறார்கள்:
ப்ளோத்வெனில் நிம்மதியாகத் தூங்கினோம்.
செரெனில் லேசான ஈர வாடை.
நெஸ்டாவுக்குள் வைஃபை எடுப்பதில்லை.
ஒன்று விடாமல் உரக்க வாசிப்பான்.

யார் இந்த ப்ளோத்வென், உங்கள் அத்தையா
என்று கேட்டார் ஒரு பர்மிங்ஹாம்காரர்.
உதைப்பாள், என்றான் ஹெவின்.
அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.
சாணக்குழி இருந்த இடத்தில்தான்
இப்போது வெந்நீர்த் தொட்டி இருக்கிறது என்பதை
நாங்களும் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று கார்டிகன் விரிகுடாவைக் காணோம்.
வேலிக்கு அப்பால் வெள்ளை.
எட்டுப் படுக்கை உறைகள் முடிந்தன.
குளியல் தொட்டிகளில்
ஒரு வாளி மணல் தேறும்.
பாதி வெண்ணெய், ஒற்றைக் காலுறை,
வானம் மட்டும் மிச்சமிருக்கும் துண்டுப்படம்.
இவை எல்லா வாரமும் கிடைப்பவை.

மாலியின் சின்ன அறையில்
தலையணையைத் தூக்கினேன்.
நான்காய் மடித்த காகிதம்.
உள்ளே ஒரு பல்,
அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது,
வேரில் துளி பழுப்பு.
பல் தேவதைக்கு,
இந்த வாரம் நான் வீட்டில் இல்லை, இங்கே இருக்கிறேன்.
கீழே ஒரு வரைபடம்:
கடல், வாயிற்கதவு, ஆறு பெட்டிகள்,
நான்காவதை நோக்கி மூன்று அம்புக்குறிகள்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
போன ஆகஸ்டில்
பெரியவர் இருவர், சிறுவர் ஒருவர்.
இந்த ஆகஸ்டில்
பெரியவர் ஒருவர், சிறுவர் ஒருவர்.
மூன்றாவது துண்டு மடிப்புக் கலையாமல்
கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

ஹெவினைக் கூப்பிட்டேன்.
வெகுநேரம் காகிதத்தைப் பார்த்தான்.
புல் ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்தான்.
எவ்வளவு கொடுப்பார்கள் இப்போதெல்லாம்?
எனக்கு எப்படித் தெரியும்?
நம் காலத்தில் பத்துக் காசு.
இரண்டு பவுண்டு நாணயத்தை எடுத்து
இடதுகையால் எழுத உட்கார்ந்தான்,
கையெழுத்துத் தெரிந்துவிடுமாம்,
இனிமேல் பார்க்கவே போகாத ஒரு பையனுக்கு:
தாமதத்துக்கு வருந்துகிறேன். வழியில் மூடுபனி.
அம்புகள் உதவின.

உறையில் அப்பா பெயரைப் போடு, மெரெரிட்,
அவர்தான் தலையணைக்கடியில் வைக்கவேண்டும் என்றான்.
அப்புறம் வெளியே போய்
புல்வெட்டியை மறுபடி உதைத்தான்.
அது உடனே கிளம்பிவிட்டது.

மூன்று ஐம்பதுக்கே ஒரு கார்
மண்பாதையில் இறங்குகிறது,
கூரையில் மிதவைப் பலகைகள்.
கடல் எந்தப் பக்கம் என்பார்கள்.
கையை நீட்டி வெள்ளையைக் காட்டுவேன்.

மேலங்கிப் பையில் சாவிக்கொத்தோடு
அந்தப் பல் உரசுகிறது.
காசு வைத்த பிறகு
தேவதைகள் இதை என்ன செய்வார்கள்?